செவியும் செவிக்கருவியும்

நமது கலாசாலை மாணாக்கருள் செவியில் யாதேனும் ஒரு கருவியை மாட்டிக்கொள்ளாதவரைக் காண்பது இக்காலத்தில் அரிதாகிவிட்டது. பஸ்ஸிலும் ரயிலிலும், விடுதியின் படிக்கட்டிலும், நூல்நிலையத்தின் மூலையிலும், தலையிற் பூணும் ஹெட்போனையோ காதினுட் செருகும் இயர்போனையோ அணிந்து, தத்தமக்கினிய கீதத்தில் ஆழ்ந்திருப்போர் பலர். இதனைக் குறைகூற நாம் வந்தோமில்லை. இசையில் நாட்டமற்ற வாலிபத்தினும் இசையில் மூழ்கிய வாலிபமே மேலானதென்பது நம் கருத்து. நாம் இங்கே ஆராயப் புகுந்தது அக்கருவியின் விலையைக் குறித்தேயாம்.

ஐந்நூறு ரூபாய்க்கும் ஹெட்போன் கிடைக்கின்றது. அரை லட்சம் ரூபாய்க்கும் கிடைக்கின்றது. அதற்கு அப்பாற் செல்லின் எல்லை காண்பதரிது. ஜெர்மனி தேசத்து ஸென்ஹைசர் கம்பெனியார் 2015-ஆம் ஆண்டில் அறிவித்த ஒரு கருவி, சலவைக்கற் பீடத்தின்மீது வைக்கப்பெற்று, ஏறத்தாழ 50,000 யூரோ விலை குறிக்கப்பட்டது. அதனை வாங்குவார் நம்முள் ஒருவருமிலர்; ஆதலின் அதனைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் பிள்ளையின் சம்பளத்தைக் கட்டுதற்கே பெற்றோர் கடன்படும் இந்நாட்டில், முப்பதினாயிரம் நாற்பதினாயிரம் ரூபாய்க்கு இக்கருவியைத் தவணை முறையில் வாங்கும் மாணாக்கர் உளர். அவர்களை வினவினால், “விலைக்கேற்ற நாதம் உண்டு, கேட்டாற் புரியும்” என்கின்றனர். கேட்டாற் புரியும் என்பது மெய்யே. யார் கேட்டால் என்பதன்றோ கேள்வி! கருவியைக் குறித்து விளம்பரங்களும் நண்பர்களும் நாள் முழுதும் பேசுகின்றனர். அக்கருவி சென்று சேரும் செவியைக் குறித்து ஒருவரும் ஒன்றும் பேசக் காணோம்.

ஆதியில் இக்கருவி ஆடம்பரத்திற்காகத் தோன்றியதன்று. அமெரிக்காவில் யூட்டா மாகாணத்தினரான நதானியேல் பால்ட்வின் என்பார் தம் வீட்டுச் சமையலறையிற் கையாற் செய்த ஹெட்போன்களை 1910-ஆம் ஆண்டையடுத்து அமெரிக்கக் கடற்படையார் வாங்கினர். கம்பியில்லாத் தந்தியில் வரும் மெல்லொலியைத் தெளிவாய்க் கேட்டல் ஒன்றே அதன் நோக்கம். இசையின்பத்திற்கென இரு செவிக்கும் வெவ்வேறாக ஒலியைப் பகிர்ந்தளிக்கும் ஹெட்போனை ஜான் காஸ் என்பார் 1958-இல் வெளியிட்டபின்னரே இப்போட்டி தொடங்கிற்று. இவ்வளவு வரலாறு நம் விஷயத்திற்குப் போதும்.

இனிச் செவியின் இயல்பைச் சிறிது நோக்குவோம். ஒலியானது நேரே சென்று செவிப்பறையைத் தாக்குவதன்று. முதலில் அது தலையிலும் தோளிலும் பட்டுத் திரும்புகின்றது. பின்னர்க் காதுமடலின் மேடுபள்ளங்களிற் புரண்டு, ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள செவிக்குழலுட் புகுகின்றது. அக்குழல் ஒருமுனை அடைபட்ட மூங்கிற்குழல் போன்றதாதலின், தன் நீளத்திற்கு இயைந்த ஒலியை மிகுத்துக் கொடுக்கும். வினாடிக்கு 3,000 அதிர்வுகளை அடுத்த ஒலிகள் இவ்வாறு பெருக்கமடைகின்றன. காதுமடலோ முகத்தைப் போலவே ஆளுக்கு ஆள் வேறுபட்டது. குழலின் நீளமும் வளைவும் அவ்வாறே. ஆகவே, ஒரே மேடையில் ஒரே பாடகர் பாடும்போது, முன்வரிசையில் அடுத்தடுத்து அமர்ந்த இருவர் செவிப்பறைகளுக்கும் ஒரே ஒலி சேர்வதில்லை.

அங்ஙனமாயின் நாமெல்லோரும் ஒரே பாட்டைக் கேட்டதாக எங்ஙனம் உணர்கின்றோம்? இதற்கு மூளையே காரணம். நெதர்லாந்து தேசத்து விஞ்ஞானிகள் மூவர் 1998-ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிசோதனையொன்று இதனை அழகாக விளக்குகின்றது. அவர்கள் சிலருடைய காதுமடலின் குழிவுகளில் அச்சுவார்த்த சிறு துண்டுகளைப் பொருத்தி அம்மடலின் வடிவத்தை மாற்றினர். உடனே அவர்கட்கு, ஓர் ஒலி மேலிருந்து வருகின்றதா கீழிருந்து வருகின்றதா என்று அறியும் ஆற்றல் குலைந்துபோயிற்று. ஆயின் அத்துண்டுகளை நீக்காமலே நாட்களைக் கழித்தபோது, சில வாரங்களுள் அவ்வாற்றல் படிப்படியாய்த் திரும்பிற்று. வியப்பு யாதெனின், துண்டுகளை எடுத்துவிட்டபின் பழைய செவியைக்கொண்டு கேட்கும் திறமும் அழியாமலே இருந்தது. புதுச் செவியை மூளை கற்றுக்கொண்டது; பழையதை மறக்கவுமில்லை.

ஹெட்போன் செய்வது யாது? தலையையும் தோளையும், காதுமடலின் பணியிற் பெரும்பகுதியையும் ஒதுக்கிவிட்டு, ஒலியைச் செவியின் வாயிலிற் கொண்டுபோய் நிறுத்துகின்றது. ஆதலின், இயற்கையாய் அம்மடல் செய்திருக்கக்கூடிய மாற்றத்தைக் கருவி செய்வோர் ஊகித்தே அமைத்தல் வேண்டும். யாருடைய மடலை ஊகிப்பது? அதற்கெனச் செயற்கைத் தலையும் செவியும் உடைய பதுமைகள் உள. 1972-இல் வெளிவந்த கெமார் என்னும் பதுமை அவற்றுட் பேர்பெற்றது. பலருடைய அளவுகளைத் திரட்டிக் கண்ட சராசரி உடலே அதன் உடல். எனவே, எத்துணை விலையுயர்ந்த ஹெட்போனாயினும் அஃது அளவெடுத்துத் தைத்த சட்டையன்று. கடையில் ஆயத்தமாய்த் தொங்கும் சட்டையே. பட்டாலாயதாக இருக்கலாம், பொன்னிழை ஓடியிருக்கலாம், நம் தோளுக்குப் பொருந்துமோ என்பது தோளைப் பொறுத்தது. ஒரு நண்பர்க்கு அமுதமாய் ஒலித்த கருவி மற்றொருவர்க்குக் கிறீச்சென்று ஒலித்தால், இருவருள் ஒருவர் ரசனையற்றவர் என்று பொருளன்று.

இடையே ஒன்று சொல்வோம். புதிய ஹெட்போனை நூறு மணி நேரம் ஓடவிட்டால் அது பழுத்து இனிக்கும் என்னும் நம்பிக்கை இவ்விஷயத்திற் பற்றுடையோரிடை வேரூன்றியுள்ளது. பஞ்சுறைகள் தலைக்கேற்பச் சிறிது அழுந்தும் என்பதை நாமும் ஒப்புக்கொள்வோம். ஆனால் அந்நூறு மணியிற் பழுப்பது பெரும்பாலும் கேட்பவர் மூளையே என்பது நம் அபிப்பிராயம். மேலே கூறிய நெதர்லாந்துப் பரிசோதனையை நோக்குங்கால் இஃது அதிசயமாகவும் தோன்றாது.

செவிகளின் வேற்றுமை வடிவத்தோடு நிற்பதன்று. எவ்வளவு மெல்லிய ஒலியை ஒருவர் கேட்கக்கூடும் என்பதை அளந்தறிய ஆடியோமீட்டர் என்னும் கருவி உண்டு. அவ்வளவையில், சாதாரண வாலிபர் பலரைச் சோதித்துக் கண்ட நிலையைப் பூஜ்யமாக வைத்து, 20 டெசிபெல் வரையில் தாழ்ந்தவரையும் உலக சுகாதார ஸ்தாபனத்தார் குறைபாடற்றவர் என்றே கொள்கின்றனர். கணக்குத் தெரிந்தவர் இதனைக் கவனிப்பாராக. 20 டெசிபெல் என்பது ஒலியின் ஆற்றலில் நூறு மடங்கு. ஆகவே, வைத்தியர் இருவரையும் நோக்கி “உமக்குக் குறையொன்றுமில்லை” என்று கூறி அனுப்பிய பின்னும், ஒருவர் கேட்பதற்கு மற்றவரினும் நூறு மடங்கு ஆற்றலுள்ள ஒலி வேண்டியதாகலாம். அன்றியும், ஒருவருடைய இரண்டு செவிகளே ஒத்திருப்பதில்லை.

வயதினால் வரும் மாறுதல் மற்றொன்று. மனிதச் செவி வினாடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரையிற் கேட்கும் என்று பௌதிக நூல்களிற் படிக்கின்றோம். அவ்வுச்ச எல்லை இளஞ்சிறார்க்கே உரியது. வயது ஏற ஏற அது மேலிருந்து தேய்ந்துகொண்டே வரும். இதனை வைத்து வேல்ஸ் நாட்டினரான ஹோவர்ட் ஸ்டேபிள்டன் என்பார் 2005-ஆம் ஆண்டில் ஒரு விசித்திர யந்திரத்தைச் செய்தார். கடைவாயிலிற் கூடிநின்று தொல்லை செய்யும் இளைஞரை ஓட்டுதற்கென அஃது 17,000-க்கு மேற்பட்ட அதிர்வுள்ள ஒலியை எழுப்பும். இளைஞர்க்கு அது சகிக்கலாகாத இரைச்சல். நடுவயதினரான வாடிக்கைக்காரர்க்கோ ஒன்றுமே கேளாது. சில நாளில் மாணாக்கர் அவ்வொலியையே தம் கைப்பேசியின் அழைப்பொலியாக வைத்து, ஆசிரியர் அறியாவண்ணம் வகுப்பிற் செய்தி பெற்றனர் என்பது அதன் பிற்கதை. அவர்கள் சாமர்த்தியத்தை மெச்சுகின்றோம். நம் மாணாக்கர்க்குச் சிபாரிசு செய்கின்றோமில்லை.

ஆனால் இத்தேய்வைக் குறித்து அஞ்சுவோர்க்கு ஓர் ஆறுதலும் உண்டு. ஒலியை ஸ்தாயிக் கணக்கில் அளப்போமாயின், 20 முதல் 20,000 வரை ஏறத்தாழப் பத்து ஸ்தாயிகள். அவற்றுள் 10,000 முதல் 20,000 வரையிலுள்ளது ஒரேயொரு ஸ்தாயி. பியானோவின் கடைசிக் கட்டையை அழுத்தினாலும் எழும் சுருதி 4,186 அதிர்வுதான். தம்பூராவின் நாதமும், மிருதங்கத்தின் சொற்கட்டும், பாடுவோர் குரலும், தம் உயிரான பாகத்தை இதற்குக் கீழேயே உடையன. மேலேயுள்ளது தாளத்தின் மினுக்கமும், மூச்சின் ஓசையும், அறையின் காற்றோட்டம் போன்ற சில நுட்பங்களுமே. ஐம்பது வயதினர் 14,000-க்கு மேற்பட்டதை இழந்தாராயினும், பத்து ஸ்தாயியில் அரை ஸ்தாயியையே இழந்தவராவர். அவர் சங்கீத ரசிகராயிருத்தற்கு அதனால் யாதொரு தடையுமில்லை. ஆனால் அதே மனிதர், 40,000 அதிர்வு வரையில் ஒலிக்கும் என்று பெட்டியில் அச்சிட்ட ஹெட்போனுக்கு இருமடங்கு விலை கொடுப்பாராயின், அவர் யாருக்காக வாங்குகின்றார்? வீட்டில் நாய் வளர்ப்பாரெனில் அது கேட்டு மகிழக்கூடும். ஜப்பான் தேசத்தில் வகுக்கப்பட்ட உயர்தர ஒலி முத்திரைக்கு இந்த 40,000 என்னும் எண்ணே ஓர் அளவுகோலாய் அமைந்துள்ளது. அம்முத்திரையைக் கண்டு மயங்குதல் வேண்டா.

இனி விலையும் நாதமும் உடன் செல்கின்றனவா என்பதை நோக்குவோம். ஜெரோன் பிரீபார்ட் என்னும் ஆராய்ச்சியாளர் 283 ஹெட்போன்களின் அளவைகளைத் திரட்டி ஆராய்ந்து, 2017-ஆம் ஆண்டில் அமெரிக்க ஒலியியற் சங்கத்தின் பத்திரிகையில் வெளியிட்டார். எவ்வெச் சுருதியை எவ்வளவு உரக்க ஒலிக்கின்றது என்னும் இயல்பே ஹெட்போனின் குணத்திற் பிரதானமானது. அவ்வியல்பிற்கும் சில்லறை விலைக்கும் யாதொரு தொடர்பும் தென்படவில்லை என்பதே அவர் கண்ட முடிவு. நாம் இதனை அளவிற்கு மிஞ்சி இழுத்துப் பேச விரும்பவில்லை. ஒலிச் சிதைவு முதலிய வேறு குணங்களும் உள, அவற்றை இவ்வாராய்ச்சி அளக்கவில்லை. ஆயினும், விலையேற நாதமேறும் என்பதைச் சூரியோதயம் போல் நிச்சயமாய் நம்பியிருப்போர் இதனைப் படித்தபின் சிறிது தயங்குதல் தகும்.

ஹார்மன் கம்பெனியிற் பணியாற்றிய ஷான் ஆலிவ் என்பாரும் அவர்தம் கூட்டத்தாரும் இதனை மற்றொரு வழியிற் சோதித்தனர். வர்த்தகரின் ஊழியராயிற்றே என்று ஐயுறுதல் இயல்புதான். எனினும் அவர்கள் கையாண்ட முறை பாராட்டத்தக்கது. ஹெட்போனைத் தலையில் வைத்த மாத்திரத்தில் அதன் கனத்தாலும் உறையின் மென்மையாலும் இன்னதென்று தெரிந்துவிடுமாதலின், ஒரே ஹெட்போனை அணிவித்து, அதன் வழியே பற்பல ஹெட்போன்களின் ஒலியைப் போன்மையாக எழுப்பி, பெயரும் விலையும் அறியாத நிலையில் மதிப்பிடச் செய்தனர். நல்ல ஒலிபெருக்கியை நல்ல அறையில் வைத்துக் கேட்பது போன்ற ஒலியையே ஏறத்தாழ மூன்றில் இருபங்கினர் விரும்பினர். எஞ்சியோருட் சிலர் கீழ்ச்சுருதி இன்னும் மிகவேண்டுமென்றனர். வேறு சிலர் அது குறையவேண்டுமென்றனர். குறையவேண்டுமென்றோரில் முதியோரும் பெண்மக்களும் மிக்கிருந்தனர். ஆகவே பெரும்பாலோர்க்குப் பொதுவான ரசனை ஒன்று உண்டு என்பதும் மெய். மூவரில் ஒருவர்க்கு அது பொருந்தாது என்பதும் மெய். அவ்வொருவர் தாமோ அல்லரோ என்பதை விலைச்சீட்டு ஒருபோதும் கூறாது.

கடையிற் கேட்டுப் பார்த்து வாங்குவோம் என்பீராயின், அங்கே மற்றொரு கண்ணி உண்டு. பெல் ஆராய்ச்சிசாலையைச் சேர்ந்த பிளெட்சர், மன்ஸன் என்னும் இருவர் 1933-ஆம் ஆண்டிலேயே கண்டு வெளியிட்ட உண்மை இது: ஒலி மெலிந்திருக்கையில் நம் செவி கீழ்ச்சுருதியை மிகவும் குறைத்தே உணரும், ஒலி உயர்ந்தால் அக்கீழ்ச்சுருதி நிறைவாய்க் கேட்கும். எனவே, இரண்டு ஹெட்போன்களுள் சிறிதே உரக்க ஒலிப்பது, வேறெவ்வகையிலும் சிறவாததாயினும், நிறைவும் உயிரும் உடையதாய்த் தோன்றும். ஒலியளவைச் சமன்செய்யாது இரண்டை ஒப்பிடுதல், ஒன்றற்குச் சர்க்கரையிட்டு மற்றொன்றற்கு இடாது இரண்டு காப்பிகளின் தரத்தை அளப்பது போலாம். விலையை அறிந்தே கேட்பதும் அத்தன்மையதே. நாற்பதினாயிரம் கொடுத்தவர் செவிக்கு, அந்நாற்பதினாயிரமும் சேர்ந்தே ஒலிக்கின்றது.

இவ்வளவும் கூறியதனால், விலை கொடுப்பது முற்றிலும் வீண் என்று நாம் கூறுவதாகக் கொள்ளலாகாது. மிக மலிவான கருவிகளிற் பல, ஒலியைச் சிதைத்தும், இருபுறமும் ஒவ்வாதும், ஆறு மாதத்தில் கம்பியறுந்தும் ஒழிவன. அவற்றினின்று ஒருபடி மேலேறுவதில் நன்மையுண்டு. ஆனால் அப்படி வெகு உயரத்திலில்லை. ஸோனி கம்பெனியார் 1991-இல் வெளியிட்ட எம்.டி.ஆர். 7506 என்னும் ஹெட்போன், அமெரிக்காவில் நூறு டாலரையடுத்த விலையில் விற்கப்பட்டுக்கொண்டே, ஒலிப்பதிவுக் கூடங்கள் பலவற்றில் அன்றாடக் கருவியாய் வழங்கி வருகின்றது. பாட்டைப் பதிவு செய்வோர் இதனைக்கொண்டு வேலை செய்ய, அப்பாட்டைக் கேட்போர் இருபது மடங்கு விலையுள்ளதை நாடுவது சிந்திக்கத்தக்கது. இதற்கு மேற்பட்ட விலையில் நாம் பெறுவன நல்ல மரமும் தோலும், தலையை அழுத்தாத இலேசும், பழுதுற்ற உறுப்பை மட்டும் மாற்றிக்கொள்ளும் வசதியும், உடைமையின் மகிழ்ச்சியுமாம். இவை இழிவானவையல்ல. நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் இதனை அணிந்து தொழில் புரிவோர்க்கு இலேசு என்பது பெரிய லாபமே. வசதியுள்ளவர் வாங்குக. நாதத்திற்காக வாங்கினேன் என்று சொல்லிக் கடன்படுதலையே வேண்டாமென்கின்றோம்.

செவிக்குப் பொருந்துதல் என்னும் ஒன்றைப் பெரும்பாலோர் கவனிப்பதேயில்லை. காதினுட் செருகும் கருவியோடு சிறிதும் பெரிதுமாய் மூன்று இணை ரப்பர் முனைகளைக் கொடுத்திருப்பர். அவற்றைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, வந்தபடியே அணிவோர் அநேகர். முனை தளர்ந்திருந்தால் இடைவெளி வழியே கீழ்ச்சுருதி கசிந்தொழியும். பின்னர்க் கருவியே கெட்டதென்று வேறொன்றை வாங்குவர். மூக்குக்கண்ணாடி அணிவோர்க்கும் இதே கதி. கண்ணாடியின் காம்பு ஹெட்போனின் உறையைச் சிறிது தூக்கிவிட, அவ்விடுக்கின் வழியே மிருதங்கத்தின் தொப்பியொலி ஓடிவிடுகின்றது. காசு செலவின்றி முனையை மாற்றிப் பார்ப்பதாற் பெறும் நன்மை, பதினாயிரம் ரூபாய் கூட்டிக் கொடுப்பதாற் பெறுவதினும் மிகுதியாதல் உண்டு.

நாம் மிகவும் கவலையுறுவது வேறொரு விஷயம். உட்செவியில் நத்தை வடிவான உறுப்பினுள் ஏறத்தாழ 15,000 நுண்மயிர்க் கலங்கள் உள. ஒலியை நரம்பிற்கு எட்டச் செய்வதில் இவற்றுக்கே தலைமை. இவை அழிந்தால் மனிதர்க்கு மறுபடி முளைப்பதில்லை. பல்லுக்கு இருமுறை வாய்ப்புண்டு, இவற்றுக்கு ஒருமுறையே. ஸூடான் தேசத்தில் இரைச்சலற்ற புல்வெளியில் வாழ்ந்த மபான் என்னும் ஜாதியாரை அமெரிக்க வைத்தியர் ஸாமுவேல் ரோஸன் என்பாரும் உடனிருந்தோரும் சோதித்து 1962-இல் எழுதியதில், அவர்களுள் முதியோர்க்கும் செவி கூர்மையாகவே இருந்ததென்று கண்டனர். அவர்கள் உணவும் வாழ்க்கையும் வேறாதலின் காரணம் அமைதி ஒன்றே என்று சாதிக்க இயலாது. ஆயினும் வயதின்மேல் நாம் ஏற்றும் பழியில் ஒரு பங்கு இரைச்சலுக்கு உரியதென்பதில் ஐயமில்லை.

உலக சுகாதார ஸ்தாபனத்தார் கூறும் அளவாவது, 80 டெசிபெல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் வரையிற் கேட்கலாம் என்பது. ஒலி மூன்று டெசிபெல் ஏறுந்தோறும் காலம் பாதியாகும். 83-இல் இருபது மணி; 86-இல் பத்து; 89-இல் ஐந்து; 92-இல் வாரம் முழுவதற்கும் இரண்டரை மணியே. விடுதியினின்று ஊருக்குச் செல்லும் பஸ்ஸில், இன்ஜினின் முழக்கமும் ஹாரனும் டிரைவர் வைத்த பாட்டும் சேர்ந்து எழும் இரைச்சலுக்குமேல் தம் பாட்டைக் கேட்க விரும்பும் மாணாக்கர், ஒலியை எவ்வளவு ஏற்றுகின்றார் என்பதை எண்ணிப் பார்க்குக. போக ஒரு மணி, வர ஒரு மணி. வாரப் பங்கு இரண்டு நாளில் தீர்ந்துவிடும். அவர் அணிந்தது ஐந்நூறு ரூபாய்க் கருவியா ஐம்பதினாயிரம் ரூபாய்க் கருவியா என்பதை நுண்மயிர்க் கலங்கள் வினவுவதில்லை. இன்னும் சொல்லப்போனால், நல்ல கருவி சிதைவின்றி உரக்க ஒலிக்குமாதலின், எச்சரிக்கும் கிறீச்சொலி எழாது. ஆபத்து அதில் மிகுதியெனினும் தவறில்லை.

இவ்விடத்தில்தான், விலை கொடுத்துப் பெறத்தக்க குணமொன்று உண்டென்று நாம் கருதுகின்றோம். அது புறத்து இரைச்சலை அடக்கும் குணம். வங்காளத்தினின்று அமெரிக்கா சென்று குடியேறிய தேசபக்தர் ஒருவரின் மகனும், மாஸசூஸட்ஸ் தொழிற்கலைக் கழகத்தில் ஆசிரியருமாயிருந்த அமர் போஸ் என்பார், 1978-ஆம் ஆண்டில் ஸூரிச்சினின்று பாஸ்டனுக்கு விமானத்தில் வருகையில், அங்கே கொடுத்த ஹெட்போனில் விமானத்தின் இரைச்சலால் இசை கேளாமை கண்டு, அவ்விரைச்சலுக்கு எதிரிரைச்சலை எழுப்பி அதனை ஒழிக்கும் கணக்கை அவ்விருக்கையிலேயே போடத் தொடங்கினார். அவர் முயற்சி 1989-இல் விமானிகட்கான கருவியாகவும், 2000-இல் பொதுமக்கட்கான ஹெட்போனாகவும் பலித்தது. இப்பொழுது அக்குணம் நடுத்தர விலையிலேயே கிடைக்கின்றது. புறவொலி தணிந்தால், பாட்டைத் தணித்து வைத்தே இன்புறலாம். செவியின் வேற்றுமை எதுவாயினும் இந்நன்மை பெரும்பாலார்க்கும் உரியது. வீதியில் நடக்கையிலும் சைக்கிளிற் செல்கையிலும் இதனைப் பூண்டுகொள்வது வேறு விதமான ஆபத்தென்பதை நாம் கூறவேண்டுவதில்லை.

மற்றொன்று, காசின்றியே கிடைப்பது. கைப்பேசியிலேயே ஒலியை அவரவர் செவிக்கேற்ப ஏற்றியிறக்கும் வசதி அமைந்துள்ளது. ஒருவருடைய செவிப்பரிசோதனைச் சீட்டை உட்கொண்டு, எச்சுருதி அவர்க்கு மங்குகின்றதோ அதனை மட்டும் உயர்த்திக் கொடுக்கும் ஏற்பாட்டையும் சில கைப்பேசிகளிற் காணலாம். காதிற் செருகும் சாதாரண இயர்போன் ஒன்றையே, செவிக்குறை சிறிதுள்ளவர்க்குக் கேட்டற்கருவியாகப் பயன்படுத்தும் மென்பொருளுக்கு 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகத்தார் அனுமதி கொடுத்தனர். ஒரு செவி மட்டும் கேட்பவர் நம்மிடையே உளர். அவர் எவ்விலை கொடுத்து வாங்கினும் வீணையை வலப்புறமும் வயலினை இடப்புறமும் பிரித்துப் பதிந்த பாட்டிற் பாதி அவர்க்கு இல்லை. இரண்டையும் ஒன்றாய்க் கலந்து ஒரே செவிக்குக் கொடுக்கும் மோனோ என்னும் ஏற்பாடு கைப்பேசியில் உண்டென்பதை அவருட் பலர்க்கு எவரும் சொல்லவில்லை.

இவையெல்லாவற்றிற்கும் முதற்படி, அவரவர் தம் செவியை அறிதலே. திருவள்ளுவர் கேள்வி என ஓர் அதிகாரமே வகுத்தார். அவர் கருதியது சான்றோர் சொற்கேட்டல். அதற்கும் இச்செவியே வாயில். கலாசாலையிற் புதிதாய்ச் சேரும் மாணாக்கரை வைத்தியர் பார்க்கும்போது, எடையும் உயரமும் குறிக்கின்றனர். பலகையிலுள்ள எழுத்துக்களைப் படிக்கச் செய்து கண்ணைச் சோதிக்கின்றனர். செவியைக் குறித்து ஒரு வினாவுமில்லை. பின்வரிசையில் அமர்ந்து விரிவுரை கேளாது, மந்தர் என்று பெயரெடுத்தவருள் எத்துணைப் பேர் செவி மங்கியவரோ யார் அறிவார்? பதினெட்டு வயதிற் செய்து வைத்த பரிசோதனைச் சீட்டு ஒன்று கையிலிருப்பின், இருபத்தொன்றில் இழந்தது யாதென்று ஒப்புநோக்கியேனும் அறியலாம். ஆடியோமீட்டர் ஒன்றை ஆண்டிற்கு ஒரு வாரம் கொணர்வித்து, பயிற்சியுடையார் ஒருவரைக்கொண்டு புதுமாணாக்கர் அனைவரையும் சோதிப்பித்தல் நம் சக்திக்கு மேற்பட்டதன்று. பழைய மாணாக்கர் சங்கத்தார் மனம் வைத்தால் வருஞ் ஜூன் மாதத்திலேயே இதனைத் தொடங்கலாம். பரிசோதனைக்கு வேண்டுவது சந்தடியற்ற ஓர் அறையே. பௌதிக சாஸ்திரசாலையின் மாடியிற் பின்புறத்து அறை பிற்பகல் முழுதும் வெறுமையாய்க் கிடக்கின்றது.